மண்ணெண்ணெயும் எர்த் வயரும்: வன்னியின் எழுதப்படாத கராஜ் வரலாறு

பொருளாதாரத் தடை பற்றி வாசிக்கப் போனால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்குப் போகாமல் நிறுத்தப்பட்ட பொருட்கள்: பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் எண்டு அது நீளும். பட்டியல் முக்கியம்தான், அதை மறுக்கேல்லை. ஆனா அந்தக் காலத்தில இருந்த ஆரிட்ட கேட்டாலும் பெற்றோல் இல்லாத ஊரில பெற்றோல் வாகனம் ஓடினதெண்டுதான் சொல்லுவினம். மோட்டார் சைக்கிள் ஓடினது, ஏ-40 கார் ஓடினது, தண்ணி இறைக்கிற மிசினும் ஓடினது. எப்படி எண்டு கேட்டா "மண்ணெண்ணெயில" எண்ட ஒரு சொல்லோட கதை முடிஞ்சிடும்.

அந்த ஒரு சொல்லுக்குள்ள என்ன வேலை இருந்தது எண்டதுதான் இந்தக் கட்டுரை. கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற ஒராளுக்குக் கார்பரேட்டரில என்ன வேலை எண்டு கேக்கலாம். டேவிட் எட்ஜெர்டன் எண்ட வரலாற்றாசிரியர் 2006இல வந்த தன்ர நூலில சொன்ன அடிப்படை வாதம் எனக்குப் பிடிச்சது: தொழில்நுட்ப வரலாறு எண்டது கண்டுபிடிப்புகளின்ர வரலாறு மட்டும் இல்ல, பொருட்களைப் பாவிச்ச, திருத்தின, பிழைக்க வைச்ச ஆக்களின்ர வரலாறும்தான். அந்தக் கண்ணால பார்த்தா தர்மபுரத்திலயும் விசுவமடுவிலயும் இருந்த ஒரு ஓலைக் கொட்டில் கராஜும் ஆவணக் காப்பகம் மாதிரித்தான். என்ன, அங்க ஒண்டும் எழுதி வைக்கப்படேல்ல.

தோட்டத்து மிசின் சொல்லித் தந்த பாடம்

மண்ணெண்ணெயில இஞ்சின் ஓட்டுற வித்தை 1990இல திடீரெண்டு பிறக்கேல்லை. அதுக்குக் கன காலம் முதலே அது எங்கட தோட்டங்களில இருந்தது.

பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்குப் போற ஏ35 வீதியை எடுங்கோ. முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எண்டு வழி நெடுக இருக்கிறது காடு வெட்டிக் குடியேறின ஊர்கள். யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவையும், மலையகத்தில இருந்து, குறிப்பா 1977 வன்முறைக்குப் பிறகு, வந்தவையும் இந்த மண்ணில தோட்டம் செய்தவை. விசுவமடுவிலயும் முத்தையன்கட்டிலயும் படித்த வாலிபர் திட்டங்கள் இருந்தது. 1970–77 அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கின காலத்தில இந்தப் பக்கம் மிளகாய்ச் செய்கை செழிச்சது எல்லாருக்கும் தெரியும். அந்தச் செழிப்புக்குப் பின்னால நிண்டது தண்ணி இறைக்கிற சின்ன மிசின்.

அந்த மிசின்களில கனக்க இரண்டு எரிபொருள் வகை. சின்ன டாங்கியில பெற்றோல், பெரிய டாங்கியில மண்ணெண்ணெய். பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தினால் கார்பரேட்டருக்குள்ள பெற்றோல் நிக்கும், அடுத்த நாள் லேசா ஸ்டார்ட் வரும். இங்கிலாந்தில 1949இல வந்த பேர்கசன் ட்ரக்டர் வகை ஒண்டும் இதே முறையில ஓடினதுதான். ஆக, தோட்டக்காரன்ர கையில இருந்த இந்தப் பழக்கம்தான் தடைக்காலத்தில மோட்டார் சைக்கிளுக்கு ஏறினது.

ஏன் இந்த இரண்டு படி வேலை? பெற்றோல் ஏறக்குறைய 30 பாகையில இருந்தே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் ஆவியாக 150 பாகைக்கு மேல வேணும். குளிர்ந்த இஞ்சினுக்குள்ள மண்ணெண்ணெய் துளியாவே போகும், பத்தாது. பத்தினாலும் இன்னொரு பிரச்சினை: மண்ணெண்ணெயின்ர ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கத்தில தானா வெடிக்கப் பார்க்கும். அப்ப இஞ்சின் "தட்டும்". அதுக்கு மெக்கானிக்மாருக்கு வழிகள் இருந்தது. பொறி விழுற நேரத்தைப் பிந்த வைக்கிறது, ஹெட்டுக்கு இன்னொரு பக்கிங் போட்டு அமுக்கத்தைக் குறைக்கிறது, எண்ணெய் வாற குழாயைச் சைலன்சரோட ஒட்ட விட்டுச் சூடாக்கிறது.

ஆனா இதெல்லாம் எண்ணெய்ப் பக்கத்து வேலை. மண்ணெண்ணெய் ரியூனிங் எண்டதும் எல்லாரும் இதைத்தான் கதைக்கினம். பாதிக் கதை மறுபக்கம், வயருக்குள்ள இருக்குது.

எர்த் எண்டா என்ன?

எங்கட ஆக்கள் "எர்த்" எண்டு சொல்லுறது நிலத்துக்குப் போற வயரை இல்ல. வாகனத்தில பற்றரியின்ர ஒரு முனை இரும்புச் சட்டத்தோட பூட்டப்பட்டிருக்கும். லைற், ஹோர்ன், கொயில், பம்ப் எல்லாத்துக்கும் மின்சாரம் ஒரு வயரால போகும். திரும்பி வாறது அந்தச் சட்டத்தாலதான். அதாவது வாகனத்தின்ர உடம்பே ஒரு வயர். அந்த உடம்பில கறள் பிடிச்சால் வயர் பாதி அறுந்த மாதிரி.

கணக்காப் பார்ப்பம். 5 அம்பியர் எடுக்கிற ஒரு பொருள், அதின்ர எர்த் பூட்டு கறள் பிடிச்சு 0.2 ஓம் தடை வந்திட்டுது எண்டு வைப்பம். 5 தர 0.2, ஒரு வோல்ட். அந்த ஒரு வோல்ட் கறளுக்குள்ள சூடாகிப் போயிடும், வேலைக்கு வராது. 12 வோல்ட் வண்டியில அது பன்னிரண்டில ஒரு பங்கு. பழைய 6 வோல்ட் வண்டியில அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு அம்பியர் வேணும், அதால இழப்பும் இரண்டு வோல்ட். ஆறில இரண்டு போனா மிச்சம் என்ன இருக்கு?

இதில வேடிக்கையான ஒண்டும் இருக்கு. தண்ணி இறைக்கிற மிசினில பற்றரியே இல்லை. சுத்துற காந்தத்தால, மக்னீற்றோவால, பொறி வரும். அதை நிப்பாட்டுறதுக்கு ஒரு வயரை இஞ்சின் உடம்போட முட்ட விடுறது. எர்த் ஆனவுடனே பொறி நிண்டிடும். காரில எர்த் இல்லாட்டி இஞ்சின் நிக்கும், மிசினில எர்த் ஆனா நிக்கும். நிப்பாட்டுற வயரின்ர தோல் எங்கையாவது தேய்ஞ்சு உடம்பில முட்டினால் மிசின் ஸ்டார்ட்டே வராது. எண்ணெய்தான் சரியில்லை எண்டு நினைச்சுக் கார்பரேட்டரைக் கழட்டிக்கொண்டே இருக்கலாம்.

டிக் டிக் பம்ப்

வடக்கின்ர வாடகைக் கார் வரலாற்றில ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எண்ட பேருகள் தவிர்க்க முடியாதவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால 1950களின்ர கார் 1990களிலயும் உழைச்சது. ஏ-40இல எண்ணெய்ப் பம்ப் இஞ்சினோட சேர்ந்து பொறிமுறையா ஆடும். ஆனா மொரிஸ் மைனரில இருந்தது மின்சார எஸ்.யூ. பம்ப். திறப்பைத் திருப்பினவுடனே பொனற்றுக்குள்ள டிக் டிக் எண்டு அடிக்கிற சத்தம் அதுதான். காந்தம் ஒரு தோலை இழுக்கும், பொயின்ற் விடும், வில் தள்ளும், திரும்பப் பொயின்ற் முட்டும். கார்பரேட்டர்க் கிண்ணம் நிரம்பினால் சத்தம் நிண்டிடும்.

இந்தப் பம்பின்ர உடம்பில ஒரு சின்ன எர்த் ஆணி. அது தளர்ந்தால், கறள் பிடிச்சால், டிக் டிக் மெல்லமாகும். ஆறுதலா ஓடேக்க ஒண்டும் தெரியாது, ஏனெண்டா அப்ப இஞ்சினுக்குத் தேவையான எண்ணெய் கொஞ்சம். ஆக்களை ஏத்திக்கொண்டு, மூட்டையும் போட்டுக்கொண்டு இழுக்கேக்கதான் கிண்ணத்தில மட்டம் இறங்கும். கலவையில காத்துக் கூடும். மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சினுக்குக் காத்துக் கூடினால் சூடேறும், தட்டும்.

இப்ப ஒரு மெக்கானிக் என்ன செய்வார்? கண்ணுக்குத் தெரியிற பிழை "எண்ணெய் காணாது." கார்பரேட்டரைத் திருப்பி எண்ணெயைக் கூட்டி விடுவார். ஏத்தத்தில இஞ்சின் இழுக்கும், எல்லாருக்கும் சந்தோசம். ஆனா மெல்ல ஓடேக்க இப்ப எண்ணெய் மிச்சம். எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில கரியாகும், சிலிண்டர் சுவரால வழிஞ்சு கீழ இஞ்சின் ஒயிலோட கலக்கும். ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயில் பெயரிங்கையும் ரிங்கையும் தின்னும். இதைத் திருத்த ஒயில் வேணும், ரிங் வேணும், பெயரிங் வேணும். தடைக்காலத்தில அது மூண்டும் ஆனையிறவுக்கு அங்காலயோ வவுனியாவுக்கு அங்காலயோதான் இருந்தது. ஒரு ஆணியின்ர கறள் ஒரு குடும்பத்தின்ர உழைப்பையே நிப்பாட்டும்.

கெட்டிக்கார மெக்கானிக் முதல் கேக்கிறது பம்பின்ர சத்தத்தை. பிறகு ஆணியைக் கழட்டி, உப்புத்தாளால தேய்ச்சு, திரும்பப் பூட்டுவார். ஒண்டும் வாங்கத் தேவையில்லை. பொருள் இல்லாத ஊரில இந்த அறிவுதான் பொருள்.

பொறி ஏன் பலமா வேணும்

மண்ணெண்ணெய்க்கும் வயருக்கும் இன்னொரு உறவு இருக்கு. பிளக்கில கரி படிஞ்சால் அந்தக் கரியே மின்சாரத்துக்கு ஒரு களவு வழி. இடைவெளியைத் தாண்டிப் பொறி விழாமல், கரியால ஒழுகி எர்த்துக்குப் போயிடும். பெற்றோலில சமாளிக்கிற பலவீனமான பொறி மண்ணெண்ணெயில தோத்துப் போகும்.

பற்றரியும் தடைப் பட்டியலில இருந்தது எண்டதை இங்கதான் ஞாபகம் வைக்க வேணும். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோக் கேட்ட சனத்தின்ர கதையை எல்லாரும் சொல்லுவினம். அதே பற்றரித் தட்டுப்பாடு கராஜுக்குள்ளயும் இருந்தது. செத்த பற்றரியை உயிர்ப்பிச்சு, தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஓடினவை. வோல்ட் குறையக் குறைய, எர்த்தில இழக்கிற ஒவ்வொரு துளியும் பெரிசாத் தெரியும்.

பழைய பிரித்தானியக் கார்களில இன்னொரு சிக்கலும் இருந்தது. 1960களின்ர நடுப்பகுதி வரைக்கும் அதுகளில உடம்போட பூட்டினது பற்றரியின்ர பிளஸ் முனை. ஜப்பான் வாகனங்களில மைனஸ். உதிரிப்பாகம் இல்லாத காலத்தில ஒண்டைக் கழட்டி மற்றதில பூட்டுறது வழமை. அப்பிடி மாத்தேக்க கொயிலின்ர இரண்டு வயரையும் மாத்திப் பூட்டாட்டி, பிளக்கில பொறி தலைகீழாப் பாயும். பிளக்கின்ர நடு முனை சூடானது. மைனஸ் பக்கம் அதில இருந்தால் பொறி லேசாப் பாயும். தலைகீழானால் கூட வோல்ட் வேணும். பெற்றோலில கார் ஓடும், ஆருக்கும் விளங்காது. மண்ணெண்ணெய்க்கு மாத்தினவுடனே இருமும்.

அதே மாதிரி, இஞ்சின் றப்பர் மேல இருக்கிறதால அதையும் உடம்பையும் இணைக்க ஒரு பின்னல் பட்டி வேணும். அது அறுந்தால் ஸ்டார்டர் மோட்டருக்கான மின்சாரம் வேற வழி தேடும். பெரும்பாலும் அகப்படுறது சோக் கேபிள். ஸ்டார்ட் பண்ணேக்க சோக் கேபிள் சுட்டால் எர்த் பட்டியைப் பார் எண்டது பழைய கார் திருத்துற எல்லா நாட்டு மெக்கானிக்மாருக்கும் தெரிஞ்ச பாடம்.

பெருமைப்பட முதல்

இதை எழுதேக்க ஒரு பயம் இருக்கு. "எங்கட சனம் எவ்வளவு கெட்டித்தனம்" எண்டு முடிச்சால் தடையைச் செய்தவைக்கும் சுகம், எங்களுக்கும் சுகம். ஆனா இது ஆரும் விரும்பிப் படிச்ச பாடம் இல்லை. இரண்டாம் உலகப் போரில ஐரோப்பாவில லட்சக்கணக்கான வாகனங்கள் விறகு வாயுவில ஓடினது; 1991க்குப் பிறகு கியூபாவில பழைய அமெரிக்கக் கார்களை ஒட்டு வேலையால உயிரோட வைச்சவை. எங்கயும் விலை ஒண்டுதான்: புகை, தேய்மானம், ஆபத்து. ஒரே வீட்டில பெற்றோலும் மண்ணெண்ணெயும் போத்தல்களில இருந்தால், மாறி விளக்குக்குள்ள ஊத்துப்பட்டால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. குப்பி விளக்கால எரிகாயப்பட்ட பிள்ளையளின்ர கதையும் இந்த வரலாற்றுக்குள்ளதான் வர வேணும்.

இன்னொண்டு. வந்து சேர்ந்த கொஞ்ச எரிபொருள் ஆருக்கு எவ்வளவு எண்டதைத் தீர்மானிச்சது அரசின்ர தடை மட்டும் இல்லை; உள்ளுக்குள்ள இருந்த புலிகளின்ர வரியும் நிர்வாகமும்தான். மண்ணெண்ணெயில இருமிக்கொண்டு போன மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் வாகனம் முந்திக்கொண்டு போனதும் அதே வீதியிலதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

2002 ஜனவரியில தடை பெரும்பாலும் நீங்கி, பெப்ரவரி 22இல ஒப்பந்தம் வந்து, ஏ9 திறந்த பிறகு புது இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்தது. 2006 ஓகஸ்டில ஏ9 திரும்ப மூடினது, மண்ணெண்ணெய் மணமும் திரும்பி வந்தது. 2008இன்ர கடைசி மாதங்களில கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து தர்மபுரத்தில இயங்கினது. 2009 ஜனவரி நடுப்பகுதியில தர்மபுரமும் இராணுவத்திட்ட போனது. சனம் ஏ35ஆல கிழக்கப் போகேக்க லாண்ட்மாஸ்டரிலயும் ட்ரக்டரிலயும் மோட்டார் சைக்கிளிலயும் வீட்டையே ஏத்திக்கொண்டு போனது. முள்ளிவாய்க்காலில குவிஞ்சு கிடந்த எரிஞ்ச வாகனங்களைப் படத்தில பார்த்திருப்பியள். பிறகு அது பழைய இரும்பாய்ப் போனது. இருபது வருசம் ஒட்டு வேலையால உயிரோட வைச்ச இஞ்சின்கள் அதுகள். அந்தக் குவியலோட எங்கட கராஜ் காப்பகமும் போயிட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

2022இல ஏன் அந்த வித்தை பலிக்கேல்லை?

2022இல முழு இலங்கையும் வரிசையில நிண்டது. ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள், ஜூலையில கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்குப் போனது. "நாங்கள் இதைப் பார்க்காததோ" எண்டு வன்னியில கன வீட்டில கதைச்சவை. ஆனா இந்த முறை கனக்க வாகனங்களில கார்பரேட்டரே இல்லை.

இப்பத்தைய காரில எண்ணெய்ப் பம்ப் டாங்கிக்குள்ள மூழ்கி இருக்கு. சுமார் 3 பார் அமுக்கத்தில இன்ஜெக்ரருக்குத் தள்ளும். எவ்வளவு நேரம் இன்ஜெக்ரர் திறக்கிறது எண்டதைக் கணினி தீர்மானிக்கும். போத்தலில கொஞ்சம் பெற்றோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி மாத்துற வேலைக்கு அங்க வழியில்லை.

பம்ப் இடம் மாறினாலும் பழைய எர்த் பிரச்சினை மாறேல்லை. பம்பின்ர எர்த்தில ஒண்டு, ஒண்டரை வோல்ட் போனால் மோட்டார் மெல்லச் சுத்தும். சும்மா நிக்கேக்க தேவை கொஞ்சம், அமுக்கம் நிக்கும். வேகமாப் போகேக்க அமுக்கம் விழும், இஞ்சினுக்குக் காத்துக் கூடும். கணினி தனக்கு வாற வோல்ட்டைத்தான் பார்க்குது, டாங்கிக்குள்ள பம்புக்கு என்ன கிடைக்குது எண்டு அதுக்குத் தெரியாது. ஆக, ஸ்கானரில காத்துக் கூட எண்டு காட்டினாலும், எர்த் பிழை எண்டு காட்டாது. பிளக் மாத்துவினம், இன்ஜெக்ரர் கழுவுவினம், கடைசியாப் பம்பையே மாத்துவினம். பத்து நிமிசச் சோதனை ஒண்டு இருக்கு: இஞ்சின் ஓடேக்க மல்ரிமீற்றரின்ர ஒரு முனையைப் பற்றரி மைனஸிலயும் மற்றதைப் பம்பின்ர மைனஸ் வயரிலயும் வைச்சுப் பாருங்கோ. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள நிண்டால் சரி. அதுக்கு மேல போனால் எர்த்தைத் தேடுங்கோ.

எங்கட பக்கம் இது சும்மா தத்துவம் இல்லை. கோடையில செம்மண் தூசி, மாரியில வெள்ளம். 2018 டிசம்பரில இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சி முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்டது ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிஞ்சாலும் இணைப்புகளுக்குள்ள பச்சைக் கறள் மிஞ்சும். 2020 மார்ச்சில நிறுத்தின வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியிலதான். அந்த ஐஞ்சு வருசமும் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓடினம். போர்க்காலத் தடையும் இதுவும் ஒண்டில்லை, அதைக் குழப்பக் கூடாது. ஆனா ரெண்டிலயும் கறள் பிடிச்ச எர்த்தைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆள் தேவைப்பட்டது.

இனி என்ன செய்யலாம்

வாய்மொழி வரலாறு எண்டால் நாங்கள் உடனே இழப்பு, இடப்பெயர்வு எண்டு கேக்கப் போறம். கேக்கத்தான் வேணும். ஆனா தொழிலைப் பற்றியும் கேக்கலாம். தடைக்காலத்தில கராஜ் வைச்சிருந்த ஆக்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயசு. உங்கட ஊரில அப்பிடி ஒரு ஐயா இருந்தால் போய்க் கேளுங்கோ: எந்த வாகனம், எத்தினை வோல்ட், பிளஸ் எர்த்தோ மைனஸ் எர்த்தோ, ஸ்டார்ட் பண்ண எவ்வளவு பெற்றோல், பக்கிங் என்னத்தில வெட்டினவை, ஒயில் எத்தினை நாளுக்கு ஒருக்கா மாத்தினவை, பற்றரியை எப்பிடி உயிர்ப்பிச்சவை, எந்தப் பிழையை எண்ணெய்ப் பிழை எண்டு நினைச்சு ஏமாந்தவை. காசு இல்லாதவைக்கு எப்பிடித் திருத்திக் குடுத்தவை எண்டும் கேளுங்கோ.

போனில பதிவு செய்யுங்கோ, கையில இருக்கிற பழைய பாகத்தைப் படம் எடுங்கோ. "அதெல்லாம் என்ன பெரிய விசயம் தம்பி, பிள்ளை" எண்டுதான் முதல் சொல்லுவினம். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் கதை வரும்.